அடம்பனில் இருந்தபடியே உலக மென்பொருளில் ஒரு கை
திறந்த மூலப் பணியில் புதியவர்கள் இறங்குவது எப்படி?

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது நம் நாட்டில் பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த பழமொழி. கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அந்தக் கொடியைத் தனியே பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். பல கொடிகள் ஒன்றாகத் திரண்டால் அறுப்பது எளிதல்ல. மன்னார் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளையும் பகுதியில் இருக்கும் அடம்பன் ஊருக்கும் அதே பெயர். அந்தப் பக்கத்தில் மீளக் குடியேறிய ஒரு குடும்பத்துப் பிள்ளை அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வியே இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம்.

"நானா, உயர்தரம் எழுதிவிட்டு கணனிக் கற்கைநெறி ஒன்றும் முடித்துவிட்டேன். சான்றிதழ் இருக்கிறது. கொழும்பில் வேலைக்கு விண்ணப்பித்தால் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். வேலையே தராமல் அனுபவத்தை எங்கே போய் வாங்குவது?"

நியாயமான கேள்வி. கொழும்பில் வசிக்கும் பிள்ளைக்கு மாமாவோ மச்சானோ ஒரு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்த்துவிடுவார். அடம்பன் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. ஆனால் வேறொரு வழி உண்டு. அதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம், தங்குவதற்கு அறையும் வேண்டாம். உலகம் முழுவதும் பாவிக்கப்படும் மென்பொருள்களில் பல, எவரும் உள்ளே வந்து வேலை செய்யக்கூடிய திறந்த வளவுகளாக இருக்கின்றன. அந்த வேலை அனைத்தும் பெயர், திகதி, நேரத்தோடு பகிரங்கமாகப் பதிவாகிறது. வேலை தருபவர் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பதிவைப் பார்க்கலாம்.

திறந்த மூலம் என்பது

மென்பொருள் ஒன்றை எழுதியவர் அதன் மூல நிரலையும் சேர்த்து வெளியிட்டு, எவரும் அதைப் படிக்கலாம், பாவிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று உரிமப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் அது திறந்த மூல மென்பொருள். இலவசம் என்பதும் திறந்த மூலம் என்பதும் ஒன்றல்ல. நம் கைத்தொலைபேசிகளில் உள்ள செயலிகளில் பெரும்பாலானவை இலவசம்தான், ஆனால் அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு அனுமதி இல்லை. லினக்ஸ், பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ், வீ.எல்.சி., வேர்ட்பிரஸ் ஆகியன திறந்த மூலம். அண்ட்ரொய்ட் தொலைபேசியின் அடித்தளமும் லினக்ஸே.

இன்னொரு விடயத்தையும் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். கடையில் 200 ரூபாவுக்கோ 300 ரூபாவுக்கோ திருட்டுப் பிரதி போட்டுக் கொடுப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரல்களையும் பாதுகாக்கிறது. திறந்த மூலத்தில் அந்தச் சிக்கலே இல்லை.

ஆழிப்பேரலை தந்த மென்பொருள்

இதெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். திறந்த மூல உலகில் இலங்கைக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அது வந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அடித்துச் சென்றபோது இலங்கையில் மட்டும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலட்சக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். எந்த முகாமில் யார் இருக்கிறார், காணாமற்போனவரைத் தேடுவது யார், எந்த அமைப்பு எந்த ஊருக்கு என்ன கொண்டு போகிறது, எங்கே பால்மா குவிந்து கிடக்கிறது, எங்கே ஒரு பெட்டியும் போய்ச் சேரவில்லை என்பதை ஒரே இடத்தில் பார்க்க வழியிருக்கவில்லை. எல்லாம் தனித்தனிக் கொப்பிகளிலும் தனித்தனி ஆட்களின் தலைக்குள்ளும் இருந்தன.

இந்த நிலையை மன்னார் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்து இறங்கியபோது பெயர் எழுதிய கொப்பிகளையும், 2008இல் போர் அடம்பன் பக்கம் வந்தபோது சிதறிய குடும்பங்களையும் கண்டவர்கள் நாம். ஒரு பெயர் பட்டியலில் விடுபட்டால் ஒரு குடும்பத்துக்குப் பங்கீட்டு அட்டை இல்லாமற் போகும். பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயரை நிரூபிக்கக் கச்சேரிக்கும் கிராம அலுவலரிடமும் அலைய வேண்டிவரும்.

ஆழிப்பேரலை வந்த சில நாட்களிலேயே கொழும்பிலிருந்த மென்பொருள் நிறுவனங்களின் ஊழியர்களும் பல்கலைக்கழகத்தினரும் தொண்டர்களாகக் கூடி, லங்கா சொப்ட்வேர் பவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அந்த அமைப்பை 2003இல் ஆரம்பிப்பதில் முன்னின்றவர் கலாநிதி சஞ்சீவ வீரவரண. மென்பொருளுக்கு 'சஹானா' என்று பெயரிட்டார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, நிவாரண அமைப்புகளின் பதிவு, முகாம்களின் பதிவு, தேவைகளின் பதிவு என்று தனித்தனிப் பகுதிகளாக அதை வடிவமைத்தார்கள். பீ.எச்.பி. மொழியையும் மை.எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தையும் பாவித்தார்கள். இரண்டும் திறந்த மூலம். அன்றும் இன்றும் நமது கற்கைநெறிகளில் ஆரம்ப வகுப்பிலேயே கற்பிக்கப்படுபவை.

வேலை முடிந்ததும் அதைப் பூட்டி வைக்காமல் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கே அது பாவிக்கப்பட்டது. 2006இல் பிலிப்பைன்சின் மண்சரிவுக்கும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்கும் போனது. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது அதன் புதிய வடிவம் வேலை செய்தது. சமூகப் பயன்மிக்க திட்டத்துக்கான விருதை அமெரிக்காவின் ஃப்ரீ சொப்ட்வேர் பவுண்டேஷன் 2005ஆம் ஆண்டுக்கு விக்கிபீடியாவுக்கு வழங்கியது. அடுத்த ஆண்டுக்கான விருது நமது சஹானாவுக்கு வந்தது. இதை நம் பாடசாலைகளில் எத்தனை ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அதே வழியில் இன்னொன்றும் நடந்தது. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூலச் சுகாதாரத் தகவல் மென்பொருளை 2020இன் தொடக்கத்தில், கொரோனா பரவ ஆரம்பித்த வேளையில், விமான நிலையத்துக்கு வருவோரைப் பதிந்து கண்காணிப்பதற்காக மாற்றி அமைத்தவர்கள் இலங்கைக் குழுவினர். அந்த வேலை பொதுவில் கிடைத்ததால் பிற நாடுகளும் அதை எடுத்துத் தமக்கேற்றவாறு பாவித்தன.

மொறட்டுவையின் பாடம்

கூகிள் நிறுவனம் 2005இல் 'கூகிள் சமர் ஒஃப் கோட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. திறந்த மூலத் திட்டங்களில் சில மாதங்கள் வேலை செய்யும் இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது அதன் நோக்கம். அதன் முதல் 10 ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தபோது, உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகமாக முன்னணியில் நின்றது மொறட்டுவைப் பல்கலைக்கழகம்.

இதற்குப் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. முதலாண்டு மாணவன் எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்கும்போது, மூன்றாமாண்டு மாணவன் பக்கத்தில் அமர்ந்து காட்டிக் கொடுத்தான். அடுத்த ஆண்டு இவன் இன்னொருவனுக்குக் காட்டினான். சஞ்சீவ வீரவரணவும் அவருடைய கூட்டாளிகளும் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் தனது பொருட்களைத் திறந்த மூலமாக வெளியிட்டு, நிறுவனங்களுக்கு ஆதரவுச் சேவையை விற்றுச் சம்பாதித்தது. 2024இல் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.டி. அதை வாங்க உடன்பட்டபோது அதன் பெறுமதி 600 மில்லியன் டொலருக்கு மேல் என்று செய்திகள் கூறின. நிரலை இலவசமாகக் கொடுத்துவிட்டு எப்படி உழைப்பது என்று கேட்கும் நம் வியாபாரப் பெருமக்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கூகிள் திட்டம் நெடுங்காலம் மாணவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2022 முதல் 18 வயது நிரம்பிய, திறந்த மூலத்துக்குப் புதியவரான எவரும் விண்ணப்பிக்கலாம் என்று மாற்றினார்கள். பல்கலைக்கழகம் கிடைக்காத அடம்பன் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது என்பதே இதன் பொருள். இஸட் புள்ளி யாருடைய எதிர்காலத்தையும் முற்றாக மூடிவிடக் கூடாதல்லவா?

முதல் நாளே நிரல் எழுத வேண்டாம்

இனி விடயத்துக்கு வருவோம். புதியவர்கள் செய்யும் முதற் பிழை, பெயர் பெற்ற ஒரு திட்டத்தைத் தேர்ந்து, அதன் இலட்சக்கணக்கான வரிகளைத் திறந்து பார்த்து, மலைத்து, மூடிவிட்டுப் போவது. நீங்கள் தினமும் பாவிக்கும் ஒரு மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். அதில் எது இடறுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ் தெரிந்தவருக்கு மிக அருகில் உள்ள வாசல் மொழிபெயர்ப்பு. பயர்பொக்ஸுக்கு 'பொன்டூன்' என்றும், லிப்ரே ஒபிஸுக்கு 'வெப்லேட்' என்றும் மொழிபெயர்ப்புத் தளங்கள் உள்ளன. வேர்ட்பிரஸுக்கும் தனித் தளம் உண்டு. கணக்கு ஒன்றைத் திறந்து தமிழைத் தேர்ந்தால், இடப்பக்கம் ஆங்கில வசனமும் வலப்பக்கம் வெற்றுப் பெட்டியும் வரும். இது தொலைபேசியிலேயே செய்யக்கூடிய வேலை. ஆனால் இலேசான வேலை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். சிலவற்றைச் சொல்கிறேன்.

வசனத்தின் நடுவே சதவீதக் குறியும் அதையடுத்து ஓர் ஆங்கில எழுத்தும் வரும். அந்த இடத்தில் கணனி பின்னர் ஒரு கோப்பின் பெயரையோ ஓர் எண்ணையோ போடும். அதை அழித்தாலோ எழுத்தை மாற்றினாலோ மென்பொருள் முடங்கலாம். அப்படியே விட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் கோப்பின் பெயர் முதலிலும் போகும் இடத்தின் பெயர் பின்னரும் வரும். தமிழில் இடத்தை முதலிற் சொல்வது இயல்பாக வரும். இரண்டு குறிகளையும் எண் இடாமல் இடம் மாற்றினால், கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஊரின் பெயர் வந்து நிற்கும். இதற்காகவே அந்தக் குறிகளுக்குள் 1, 2 என்று எண்களை இட்டு வரிசையைக் காட்ட ஏற்பாடு உண்டு. எல்லா மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இது தெரிவதில்லை. தமிழில் வெளியான மென்பொருள்கள் சில நேரம் அபத்தமாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வேற்றுமை உருபு. அடம்பன் என்றால் 'அடம்பனில்', மன்னார் என்றால் 'மன்னாரில்', கொழும்பு என்றால் 'கொழும்பில்', புத்தளம் என்றால் 'புத்தளத்தில்'. நாம் யோசிக்காமலே சொல்கிறோம். கணனிக்கு இது தெரியாது. குறியின் பின்னால் 'இல்' என்று ஒட்டிவைத்தால் 'புத்தளம்இல்' என்று திரையில் வரும். ஆகவே 'என்ற இடத்தில்' என்று எழுதி உருபைத் தனியே நிறுத்த வேண்டும். ஒருவர் அரட்டையிலிருந்து வெளியேறினால் 'வெளியேறினான்' என்பதா, 'வெளியேறினாள்' என்பதா? 'வெளியேறினார்' என்றால் எல்லோருக்கும் பொருந்தும், மரியாதையும் கெடாது. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் முடியும் பொத்தானுக்குத் தமிழில் பன்னிரண்டு எழுத்துப் போட்டால் சிறு திரையில் பாதி மறைந்துவிடும். அதற்குச் சுருங்கிய சொல்லைத் தேட வேண்டும். இவற்றைச் சரியாகச் செய்ய நிரல் தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. நான் முதன்முதலில் ஒரு மென்பொருளின் தமிழ்ப் பெட்டிக்குள் நுழைந்தபோது எங்கு பார்த்தாலும் 'கணினி' என்று இருந்தது. நாம் எழுதுவது 'கணனி' அல்லவா? இரவிரவாக விழித்திருந்து ஒன்றும் விடாமல் மாற்றி அனுப்பினேன். காலையில் பார்த்தால் அத்தனையும் நிராகரிக்கப்பட்டிருந்தன. தமிழகத்திலும் சிங்கப்பூரிலும் இருந்த தொண்டர்களோடு சேர்ந்து ஏற்கனவே முடிவு செய்த சொற்பட்டியல் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. நான் அதைப் படிக்கவே இல்லை. மறுப்பு எழுதியவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், ஆனாலும் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு போய்ச் சொற்பட்டியலைப் படித்துவிட்டு, உண்மையிலேயே பிழையாக இருந்த ஏழு வசனங்களை மட்டும் திருத்தி அனுப்பினேன். ஏழும் ஏற்கப்பட்டன.

பிழையைச் சொல்வதும் பணியே

மென்பொருள் ஓரிடத்தில் பிழைத்தால் அதை ஒழுங்காக அறிவிப்பது பெரிய பங்களிப்பு. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் எவருக்கும் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, என்னென்ன படிகளைச் செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதுங்கள். அறிக்கையை இன்னொரு தொலைபேசியில் நீங்களே ஒருமுறை செய்து பார்த்த பின் அனுப்புங்கள். அதற்கு முன், அதே பிழையை வேறு எவரும் அறிவித்துவிட்டாரா என்று தேடிப் பார்ப்பது அவசியம்.

கூர்ந்து கவனிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு 2024 மார்ச் மாதம் நடந்த ஒரு சம்பவம் சான்று. லினக்ஸ் கணனிகளில் பரவலாக உள்ள 'எக்ஸ்.இஸட்' என்ற சிறிய சுருக்க மென்பொருளுக்குள் யாரோ களவாக ஒரு பின்வாசலை வைத்திருந்தார்கள். அன்ட்ரெஸ் ஃப்ரொய்ன்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து கணனிக்குள் நுழைவதற்கு வழமையைவிட ஏறத்தாழ அரைச் செக்கன் கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டியதால்தான் அது பிடிபட்டது. பின்வாசலை வைத்தவர் முதலில் நல்ல பிள்ளையாக ஈராண்டுக்கு மேல் உதவி செய்து, களைத்துப் போயிருந்த பொறுப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். புதியவர்களைப் பொறுப்பாளர்கள் உடனே நம்பிவிடாமல் கேள்வி மேல் கேள்வி கேட்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

நம் ஊர் வழக்கில் சொல்வதானால், காலபோகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவு செய்ய எவரும் மண்வெட்டியோடு வரலாம். துருசைத் திறக்கும் உரிமையை முதல் நாள் வந்தவரிடம் எந்தக் கமக்காரர் அமைப்பும் கொடுக்காது. பல போகம் கூட நின்று உழைத்த பிறகே அது கைக்கு வரும்.

நிரல் எழுதுவோருக்கு

நிரல் தெரிந்தவர்கள் 'கிட்' என்ற கருவியைக் கட்டாயம் பழக வேண்டும். லினக்ஸை ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற கணக்கை அது வைத்திருக்கும். கடைக்காரரின் நாளேடு போல, எழுதியதை ஒளித்து அழிப்பது கடினம். திட்டங்களில் பெரும்பாலானவை 'கிட்ஹப்' தளத்தில் இருக்கின்றன. 2008இல் தொடங்கிய அதை 2018இல் மைக்ரோசொப்ட் வாங்கியது.

ஒரு திட்டத்துக்குள் போனதும் 'ரீட்மீ' என்ற கோப்பைப் படியுங்கள். அடுத்து, பங்களிப்போருக்கான வழிகாட்டிக் கோப்பு இருக்கும், அதையும் முழுமையாகப் படியுங்கள். உரிமப் பத்திரம் எது என்று பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றம் நடந்தது என்று பாருங்கள். இரண்டு வருடமாக எவரும் தொடாத திட்டத்துக்கு வேலை அனுப்பினால் பதில் வராது. பிறகு மென்பொருளை உங்கள் கணனியில் நிறுவி ஓட வையுங்கள். பலர் இந்த இடத்திலேயே களைத்துவிடுகிறார்கள். நிறுவும் குறிப்பில் எந்தப் படி விளங்கவில்லையோ, எது பழசாகிப் போயிருக்கிறதோ, அதைத் திருத்தி அனுப்புவதே உங்களுடைய முதற் பங்களிப்பாக இருக்கலாம். புதியவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும் குறை அது. பழையவர்களுக்கு வழி பழகிவிட்டதால் பள்ளம் தெரியாது.

அதன் பின் வேலைப் பட்டியலில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற அடையாளம் இட்ட சிறு வேலைகளைத் தேடுங்கள். புதியவர்களுக்கென்றே ஒதுக்கி வைக்கப்படுபவை அவை. ஒன்றைத் தேர்ந்து, இதை நான் செய்ய விரும்புகிறேன் என்று எழுதுங்கள். திட்டத்தின் பிரதியொன்றை உங்கள் கணக்கில் எடுத்து, அதில் தனிக் கிளை ஒன்றைப் பிரித்து, மாற்றத்தைச் செய்து, ஏன் செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி, இணைத்துக்கொள்ளுமாறு கோரிக்கை அனுப்ப வேண்டும். அதைத்தான் 'புல் ரிக்குவெஸ்ட்' என்பார்கள். ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும். திருத்தச் சொல்வார்கள். மூன்று முறை திருத்தச் சொன்னாலும் கோபிக்க வேண்டாம். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது. அனுபவமுள்ள ஒருவர் உங்கள் நிரலை வரிவரியாகப் படித்துக் குறை சொல்ல, எந்தத் தனியார் வகுப்பில் ஆள் இருக்கிறது?

ஆங்கிலம் தடையல்லவா என்று கேட்பீர்கள். கவிதை எழுதச் சொல்லவில்லை. குறுகிய, நேரான வசனங்கள் போதும். உலகின் பாதிப் பேர் அங்கே இரண்டாம் மொழியாகத்தான் ஆங்கிலம் எழுதுகிறார்கள்.

குப்பை கொட்டாதீர்கள்

'ஹக்டோபர்பெஸ்ட்' என்று ஒக்டோபர் மாதம் தோறும் ஒரு நிகழ்வு 2014 முதல் நடந்து வருகிறது. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் நடத்துவது. குறித்த எண்ணிக்கையில் கோரிக்கைகளை அனுப்பியவர்களுக்கு டீசேர்ட் கொடுத்தார்கள். 2020இல் டீசேர்ட்டுக்கு ஆசைப்பட்ட ஆயிரக்கணக்கானோர் 'ரீட்மீ' கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து, ஒரு புள்ளியை நீக்கி, பயனற்ற கோரிக்கைகளை மழையாகப் பொழிந்தார்கள். பொறுப்பாளர்கள் வெறுத்துப் போனார்கள். விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று நடுவழியில் விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அதில் கணிசமானவை நம் துணைக்கண்டத்திலிருந்து போனவை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போது அதே குப்பை வேறு வடிவில் வருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, அது சொன்னதைப் படித்தும் பாராமல் பாதுகாப்புக் குறை கண்டுபிடித்தேன் என்று அனுப்புகிறார்கள். 'கேர்ள்' என்ற புகழ்பெற்ற மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பர்க் 2024 முதல் இதைப் பற்றிப் பகிரங்கமாக முறையிட்டு வந்துள்ளார். அந்தச் செயலிகளைப் பாடம் கேட்கப் பாவியுங்கள். ஆனால் உங்களுக்கு விளங்காத ஒரு வரியையும் உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். பொறுப்பாளர் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நன்றாகச் செய்த பதிவுகள் பகிரங்கமாக நிலைத்திருப்பதைப் போலவே குப்பையும் உங்கள் பெயரோடு நிலைத்திருக்கும்.

உழைப்பு எங்கே?

பங்களிப்புக்கு உடனே பணம் வராது, இதை முதலிலேயே வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மூன்று வழிகள் திறக்கலாம். ஒன்று கூகிள் திட்டம். வேலையின் அளவுக்கும் நாட்டுக்கும் ஏற்ப உதவித்தொகை மாறும். விண்ணப்பம் வழமையாக மார்ச், ஏப்ரல் மாதங்களில். விண்ணப்பிக்கும் போது அறிமுகமாவதைவிட, முந்திய ஆண்டின் பிற்பகுதியிலேயே அந்தத் திட்டத்தில் சிறு வேலைகள் செய்திருந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது 'அவுட்ரீச்சி' பயிற்சித் திட்டம். தொழில்நுட்பத் துறையில் குறைவாக இடம்பெறுவோரை, குறிப்பாகப் பெண்களை, உள்ளே கொண்டுவர உருவானது. வீட்டிலிருந்தே செய்யும் மூன்று மாதப் பயிற்சிக்கு 7,000 அமெரிக்க டொலர் வழங்கி வந்துள்ளது. வேலைக்காக ஊர்விட்டு ஊர் செல்வதில் தயக்கமுள்ள நம் சகோதரிகளுக்கு இது நல்ல வழி. நம் பெற்றோர் பலர் பெண் பிள்ளைகளைக் கணனி வகுப்புக்கு அனுப்புகிறார்கள், சான்றிதழைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், அதோடு விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு நீண்ட நாள் மனக்குறை.

மூன்றாவது வழி பலருக்குத் தோன்றாது. உள்ளூர்ச் சேவை. வேர்ட்பிரஸ், ஓடூ, மும்பையில் உருவான ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் போன்ற மென்பொருள்களின் உள்வழி தெரிந்த ஒருவர், மன்னாரிலும் புத்தளத்திலும் உள்ள அரிசி ஆலைக்கும் கருவாட்டு மொத்த வியாபாரிக்கும் வன்பொருட் கடைக்கும் கணக்கையும் கையிருப்பையும் தமிழில் அமைத்துக் கொடுத்து, மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் பெறலாம். மென்பொருள் இலவசம், உங்கள் வேலைக்குத்தான் விலை. டபிள்யூ.எஸ்.ஓ.2 பெரிய அளவில் செய்ததும் இதுவே.

அடம்பன் தம்பிக்குச் சொன்னது

அந்தத் தம்பியிடம் மடிக்கணனி இல்லை. பழைய அண்ட்ரொய்ட் தொலைபேசியும் மாதம் சில ஜீ.பி. தரவும்தான். அது தொடங்கப் போதும் என்றேன். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓபன் ஸ்ட்ரீட் மெப்' என்ற திறந்த உலக வரைபடம் உண்டு. நிரல் திட்டம் என்பதைவிடத் தரவுத் திட்டம், ஆனாலும் ஒழுங்குமுறை ஒன்றே. 2012, 2013 ஆண்டுகளில் மட்டக்களப்பு மண்முனை வடக்கில் அனர்த்த ஆயத்தத்துக்காகக் கட்டடம் கட்டடமாக அதில் வரைந்தார்கள். சஹானா போன்ற மென்பொருள்களுக்கு இத்தகைய வரைபடமே உயிர். எந்த வீதி எங்கே போகிறது என்று தெரியாமல் எந்த லொறியையும் அனுப்ப முடியாது.

'ஸ்ட்ரீட் கொம்ப்ளீட்' என்ற திறந்த மூலச் செயலியைத் தொலைபேசியில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தால், இந்தப் பாதை தாரா கிரவலா, இந்தக் கட்டடம் எத்தனை மாடி, இந்த வீதிக்கு என்ன பெயர் என்று அது கேட்கும். பதில் சொன்னால் வரைபடத்தில் ஏறிவிடும். தரவு முடிந்தாலும் பதில்களைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். கூகிள் வரைபடத்தைப் பார்த்து எழுதுவது மட்டும் கூடாது, அது உரிமை மீறல். கண்ணால் கண்டதை எழுத வேண்டும்.

கட்டுக்கரையிலிருந்து நீர் பகிரும் சிறு குளங்களின் பெயர்களைத் தமிழில் ஏற்றும்படி சொன்னேன். எது குளம், எது வெறும் தேங்கல், எந்த வாய்க்கால் மாரியில் பாதையை மூடும் என்பது கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது. அவனுடைய வாப்பாவுக்குத் தெரியும். முதல் வாரம் ஒன்பது இடங்களை ஏற்றியிருந்தான். அவற்றில் ஒரு குளத்தின் பெயரை, யாரென்றே தெரியாத ஒருவர் எழுத்துப்பிழை திருத்தியிருந்தார். "நானா, அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். அவர் ஆனையிறவிலும் இருக்கலாம், ஜேர்மனியிலும் இருக்கலாம், செய்தி அனுப்பிக் கேட்டுப் பார் என்றேன். கேட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.